கயிற்றைப் பிடித்தவனுக்கு மார்க் இல்லை

இந்த நாட்டில் ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவர் ‘சாரி’ என்று சொல்லிவிட்டுப் பேச்சைப் பிடுங்கிக்கொள்கிறார். பிடுங்குவதற்கு முன்பே மன்னிப்புக் கேட்டுவிடுவதால் அது தப்பில்லையாம். வந்த புதிதில், சாரி சொன்னவர் அப்படி என்ன தப்புச் செய்துவிட்டார் என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். அதற்குள் கூட்டமே முடிந்துபோயிருக்கும். இப்போது நானும் தினம் காலை ஒன்பதரை மணிக் கூட்டத்தில் மூன்று நான்கு சாரி சொல்கிறேன். எனக்குக் கீழே பதினொரு பேர் வேலை செய்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இதைப் படிப்பவர்கள், நம்ம சம்பந்தம் முன்னுக்கு வந்துவிட்டான் என்று சந்தோஷப்படுவார்கள். படட்டும். எந்த வழியாக முன்னுக்கு வந்தேன் என்பதையும் அவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்குப் பின்னால் வவுச்சர் என்ற வேலை அனுமதிச் சீட்டோடு விமானம் ஏறப்போகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும்.

நான் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்துக்காரன். பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு, அறுபதுகளில் வேலை வவுச்சர் வாங்கிக்கொண்டு வந்தவன். இங்கிலாந்தின் நடுவே ஒரு ஊர், அதில் பம்பு செய்யும் ஒரு தொழிற்சாலை, அதன் படம் வரையும் பிரிவில் ஒரு மேசை. அதே மேசையில் ஏழு வருஷம் உட்கார்ந்திருந்தேன். மூன்று அறை கொண்ட வீட்டில் ஆறு ஆண்கள் தங்கியிருந்தோம். என் மனைவி மங்கை ஊரில் என் அண்ணன் வீட்டில் இருந்தாள். மகள் வள்ளி, நான் விடுமுறையில் போய்க் கல்யாணம் செய்துகொண்டு திரும்பிய பிறகு பிறந்தவள். நாலு வயதாகியும் என்னை ஃபோட்டோவில்தான் பார்த்திருந்தாள். அவர்களை அழைத்துக்கொள்ள வேண்டுமென்றால் எத்தனை அறை, அதில் எத்தனை பேர் என்று ஒரு பாரத்தில் எழுதித் தர வேண்டும். ஆறு ஆண்கள் தூங்கும் இடத்தை அதில் எப்படி எழுதுவது? வாடகைக்கு வீடு தேடிப் போனால், என் முகத்தைப் பார்த்த நிமிஷமே அந்த வீடு வேறு யாருக்கோ போய்விட்டிருக்கும். இந்த நிலையில்தான் எங்கள் பிரிவுக்கு சூப்பர்வைசர் வேலை காலியானது. அந்த வேலையோடு கம்பெனி வீடும் உண்டு. இரண்டு படுக்கையறை, பின்னால் கையகலத் தோட்டம்.

வேலையில் மூத்தவன் நான்தானே, எனக்குத்தான் தருவார்கள் என்று நினைத்தேன். ஊருக்கு வெளியே ஒரு பழைய பங்களாவில் இரண்டு நாள் தேர்வு என்றார்கள். எட்டுப் பேரைச் சேர்த்து உட்காரவைத்து, ஏதாவது ஒன்றை விவாதிக்கவும், ஒன்றாகச் சில வேலைகளைச் செய்யவும் சொல்வார்களாம். மூன்று பேர் சுவரோரம் உட்கார்ந்து அட்டையில் எழுதிக்கொண்டே இருப்பார்களாம். பக்கத்து மேசை ஆலன் நல்ல மனுஷன். முதல் மூன்று நிமிஷத்துக்குள் வாயைத் திற, இன்னும் பத்து நிமிஷம்தான் இருக்கிறது என்று நடுவில் ஒரு தடவை சொல், கடிகாரத்தைக் கையில் எடுத்தவன்தான் தலைவன் என்று புத்தி சொன்னார். கண்ணாடி முன்னால் நின்று பழகிக்கொள்ளவும் சொன்னார். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டுப் பேர் கூடி ஒரு வேலை செய்ய எனக்கா பயிற்சி?

எங்கள் தெருவில் பாவு நீட்டுவதைப் பார்த்தவர்களுக்கு என் சிரிப்பு புரியும். சேலையின் நீளத்துக்கு ஓடும் அத்தனை பட்டு இழைகளையும் விடியற்காலையில் தெருவில் விரித்து, இரண்டு முனையிலும் கயிறு கட்டி இழுத்து, கஞ்சி தடவி, வெயில் ஏறுவதற்குள் சுருட்டியாக வேண்டும். யார் வீட்டுப் பாவாக இருந்தாலும் அக்கம்பக்கத்தார் எட்டுப் பத்துப் பேர் தாமாக வந்து நிற்பார்கள். யாரும் யாருக்கும் ஒரு வார்த்தை சொல்வதில்லை. எங்கே தொய்கிறதோ அங்கே ஒரு கை போகும். எங்கே இழை அறுந்ததோ அங்கே ஒருவர் குனிவார். பாவுக்குச் சொந்தக்காரர்கூட வாய் திறக்கமாட்டார். தப்பித்தவறி ஒருவன் ‘அதைப் பிடி, இதை இழு’ என்று சொல்லிவிட்டால், ‘இன்னாப்பா மேஸ்திரி’ என்று ஒரு மாதம் ஓட்டுவார்கள். பத்து வயதிலிருந்து அந்தக் கயிற்றைப் பிடித்தவன் நான்.

பங்களாவின் புல்வெளியில் சுண்ணாம்பால் இரண்டு கோடு போட்டிருந்தார்கள். நடுவில் ஓர் ஆறு ஓடுவதாக வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு பலகை, ஒரு கயிறு, தண்ணீர் நிரம்பிய ஒரு பீப்பாய். பீப்பாயை அக்கரை சேர்க்க வேண்டும். விசில் ஊதியதும் மூன்று பேர் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். இடது பக்கம் கயிறு தொய்வதை நான் பார்த்தேன். போய்ப் பிடித்தேன். ஒருவன் ‘லெஃப்ட், லெஃப்ட்’ என்று கத்திக்கொண்டே முன்னும் பின்னும் நடந்தான். நான் கடைசிவரை கயிற்றை விடவில்லை. உள்ளங்கை இரண்டும் சிவந்து தோல் உரிந்துவிட்டது. நேரம் முடியும் முன்பே பீப்பாய் அக்கரை சேர்ந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்து அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

மறுநாள் சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களில் ஒருவர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

“நேற்று தோட்டத்தில் நீங்கள் என்ன செய்தீர்கள்?”

“கயிற்றைப் பிடித்திருந்தேன்.”

“பிடிக்கச் சொன்னது யார்?”

“யாரும் சொல்லவில்லை,” என்றேன் பெருமையாக.

அவர் எழுதிக்கொண்டார். “நீங்கள் செய்வதை மற்றவர்களிடம் சொன்னீர்களா?”

“எதற்கு? அவர்களுக்குத்தான் கண் இருக்கிறதே.”

மிகவும் அன்பாகச் சிரித்தார். அதையும் எழுதிக்கொண்டார். ஒரு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. இனிமையானவர், சொன்னதைச் செய்யக்கூடியவர், ஆனால் தலைமைக்கான அறிகுறி எதுவும் தென்படவில்லை. யாரும் சொல்லாமலே செய்தவனைப் பார்த்துச் சொன்னதைச் செய்யக்கூடியவன் என்று எழுதியிருந்தார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வேலை அந்த லெஃப்ட் லெஃப்ட்காரனுக்குப் போனது. அவன் கயிற்றைத் தொடவே இல்லை. அடுத்த வருஷம் வேறு பிரிவில் இடம் வரும், மறுபடி முயற்சி செய்யலாம் என்று கடைசி வரியில் ஆறுதல் சொல்லியிருந்தார்கள்.

அந்த இடைவெளியில் ஆறு வாரம் விடுமுறை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். வள்ளி என்னைப் பார்த்ததும் பெரியப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். மங்கையிடம் நடந்ததையெல்லாம் சொன்னேன். பிறகு இரண்டு பேரும் பயிற்சியில் இறங்கினோம். மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் தரையில் ஆறு டம்ளரை வட்டமாக வைப்பேன். அவை வெள்ளைக்காரர்கள். மங்கையும் நானும் எதிரெதிரே உட்காருவோம். சுவரோரம் வள்ளியை ஸ்லேட்டும் பலப்பமுமாக உட்காரவைத்தோம். மார்க் போடுவது அவள்.

“நான் பேசிக்கினு இருக்கும்போதே நீ குறுக்க பேசணும். அப்புறம் நான் குறுக்க பேசுவேன்.”

“இது இன்னாங்க கூத்து? ஒருத்தர் பேசி முடிச்சாதானே இன்னொருத்தர் பேசறது?”

“அங்க முடிக்கவே மாட்டான்.”

“அப்ப யார் சொல்றத யார் கேக்கறது?”

“கேக்கறதுக்கு மார்க் கிடையாது.”

ஒரே ஒரு புது பஸ்தான் இருக்கிறது, அதை எந்த ஊருக்கு விடுவது என்பதுதான் எங்கள் விவாதம். நான் வாலாஜாபாத், டம்ளர்கள் தாமல். மங்கை தன் பிறந்த ஊரான ஐயம்பேட்டையை எடுத்துக்கொண்டாள். இரண்டாம் நாளே என்னை வாயைத் திறக்கவிடவில்லை. “ஏன், ஐயம்பேட்டைக்காரங்க இன்னா நடந்தே சாவறதா? நீங்க நிறுத்துங்க, நான் பேசறேன்” என்று கையை நீட்டித் தடுத்தாள். அந்த பங்களாவுக்கு இவளை அனுப்பியிருந்தால் முதல் தடவையே வீடு கிடைத்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நாங்கள் நிஜமாகவே சண்டை போடுகிறோம் என்று வள்ளி அழுவாள். அவளைச் சமாதானப்படுத்திவிட்டு மறுபடி ஆரம்பிப்போம். பத்துப் பன்னிரண்டு நாளில் எனக்கு வந்துவிட்டது. மங்கை மூச்சு வாங்கும் இடம் பார்த்துப் புகுந்துவிடுவேன். தூக்கத்தில்கூட நான் சாரி சொன்னதாக அவள் கேலி செய்தாள்.

நான் கிளம்ப நாலு நாள் இருந்தபோது அண்ணன் ஏகாம்பரம் பாவு நீட்டினார். விடியும் முன் நானும் போய் நின்றேன். எல்லோரும் வந்துவிட்டார்கள். கஞ்சி பாதி தடவியாயிற்று. வடக்கு முனையில் கயிறு தொய்வதைப் பார்த்தேன். பார்த்ததும் என் கால் நகரவில்லை. வாய்தான் திறந்தது.

“அண்ணா, நீ அந்தப் பக்கம் போ. கோவிந்தா, கயித்த இழு. பத்து நிமிசம்தான் இருக்குது, வெயில் வந்துடும்.”

எட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவராவது ‘இன்னாப்பா மேஸ்திரி’ என்று சொல்லியிருந்தால் நானும் சிரித்துத் தப்பித்திருப்பேன். யாரும் சொல்லவில்லை. அந்தக் கேலி வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும்தான், வெளியாளுக்கு இல்லை. பக்கத்து வீட்டு கோவிந்தன், ஊருக்கு வந்த அதிகாரி சொன்னதைப் போல, சரியென்று தலையாட்டிவிட்டுக் கயிற்றை இழுத்தான். அண்ணன் மெதுவாக என்னிடம் வந்தார். கோபமே இல்லை.

“உனக்குக் கை நோவும்டா. உள்ள போயி காப்பி குடி, போ.”

நான் நின்ற இடத்தில் அவர் நின்றுகொண்டார். நான் இல்லாமல் பாவுக்கு ஒரு குறையும் வரவில்லை. வாசலில் மங்கை எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு நின்றிருந்தாள். “இந்த வாட்டி வேலை கெடச்சிடும், போங்க” என்றாள். அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை.

அவள் சொன்னபடியே கிடைத்தது. அதே புல்வெளி, அதே பீப்பாய். விசில் ஊதியதும் நான்தான் முதலில் பேசினேன். கடிகாரத்தைப் பார்த்து நேரம் சொன்னேன். ஓரத்தில் ஒருவர் ஒன்றும் பேசாமல் பலகையைத் தாங்கிக்கொண்டிருந்தார். ‘இவருடைய கருத்தையும் கேட்போமே’ என்று அவரைக் காட்டிச் சொன்னேன். பேசாதவரைப் பேசவைத்தால் அதற்குத் தனி மார்க். அவர் பலகையைத் தாங்கியபடியே ஏதோ சொல்லத் திணறினார். நான் கயிற்றின் பக்கமே போகவில்லை. இயல்பான தலைவர் என்று கடிதம் வந்தது. சுத்தமாக இருந்த என் உள்ளங்கைகளைப் பார்த்து அன்றைக்கு வெட்கப்பட்டேன். வேலை வேண்டாமென்று மட்டும் எழுதிப் போடவில்லை.

மங்கையும் வள்ளியும் வந்து எட்டு மாதம் ஆகிறது. இரண்டு படுக்கையறை, கையகலத் தோட்டம் எல்லாம் இருக்கிறது. வள்ளி பள்ளிக்கூடம் போகிறாள், என் பேச்சின் நடுவே சாரி சொல்கிறாள். அடுத்த மாதம் அந்த பங்களாவில் சுவரோரம் உட்கார்ந்து எழுத என்னையே கூப்பிட்டிருக்கிறார்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை மழை. வீட்டுக்குள் காய்ந்த நூல் சேலையை மடிக்க மங்கை கூப்பிட்டாள். ஒரு முனையை அவள் பிடித்தாள், மறு முனையை நான் பிடித்தேன். ஊரில் எந்த வீட்டிலும் இரண்டு பேர் வாய் பேசாமல் செய்கிற காரியம். ஒருவர் இழுத்தால் மற்றவர் கைக்குத் தெரியும்.

“அந்த மூலையைச் சரியா பிடி. இன்னும் கொஞ்சம் இழு. இப்ப இந்தப் பக்கம் வா,” என்றேன்.

மங்கை நின்றுவிட்டாள். சமையலறைச் சுவரோரம் ஒரு முறை பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“இங்க யாரும் எழுதிக்கினு இல்லீங்க,” என்றாள்.

கையிலிருந்த முனையைக் கீழே போட்டுவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பாதிச் சேலை தரையில் கிடந்தது. மீதியை நான் பிடித்துக்கொண்டு நின்றேன்.