வேர்வை நின்ற இடம்

சித்திரை வெயிலில் காளவாசலிலிருந்து உசிலம்பட்டிக்குப் பன்னிரண்டு பேர் சைக்கிளில் போனோம். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை வரிசையாக அவரவர் எண்ணைக் கத்திச் சொல்வது எங்கள் குழுவின் வழக்கம். என் மகளின் எண் ஏழு. பாதி வழியில் அவள் "நாலு" என்றாள். எல்லோரும் சிரித்தோம், நானும்தான். அவளுக்குப் பின்னால் வந்தவர் மட்டும் சிரிக்கவில்லை.

"அண்ணே, நிப்பாட்டுங்க! பிள்ளைக்கு வேர்வையே இல்ல, வெயில் தாக்கிருச்சு!"

மரநிழலில் படுக்கவைத்ததும் எல்லோரும் தங்கள் குடிதண்ணீரை மிச்சமில்லாமல் அவள்மேல் ஊற்றினார்கள். போன் செய்து கூப்பிட்ட ஆட்டோ வருவதற்குள் தெளிந்துவிட்டாள்.

"எம்புட்டு ஊத்துவீங்கப்பா, குடிக்கக் கொஞ்சம் கொடுங்க."

மருத்துவமனையில் பயமில்லை என்றார்கள்.  இனி இவர்களை நம்பி, நான் வராத நாளிலும் அவளை அனுப்புவேன்.