'நாளைக்கு' சொல்லாத தையல்காரன்

தையல் கடை நடத்த ஒரு மெஷின், ஒரு கத்திரி, ஒரு அளவு நாடா, 'நாளைக்கு' என்கிற ஒரு வார்த்தை, இந்த நாலும் இருந்தால் போதும். இதில் நாலாவதைக் கைவிட்டுவிட்டு திருவனந்தபுரம் ஆரியசாலையில் பிழைக்கப் பார்த்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை ஆமென் சொல்லிவிட்டுத் திங்கட்கிழமை கடைப் பலகையை எடுக்கிற என் போன்ற பாவப்பட்டவர்களே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மற்றவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எழுந்து நின்றது

எழுபதுகளில் ஒரு பிப்ரவரி மாதம். எங்கள் சபையில் மூன்று நாள் கன்வென்ஷன் நடந்தது. கடைசி நாள் சாயங்காலம் வெளியூர்ப் பிரசங்கியார், "தொழிலில் இருக்கிற பொய்யை இன்றோடு விடத் துணிகிறவர்கள் எழுந்து நில்லுங்கள்" என்றார். நான் நின்றுவிட்டேன். ஏதோ வேகத்தில் நின்றான் என்று நினைக்காதீர்கள், யோசித்துத்தான் நின்றேன். துணியில் கத்திரியே வைக்காமல் 'காஜா மட்டும்தான் பாக்கி' என்று பதினாறு வருஷம் சொல்லிச் சொல்லி எனக்கே வெறுத்துப் போயிருந்தது. பெண்கள் பக்கத்தில் என் மனைவி ரெபேக்காள் என்னை எட்டிப் பார்த்து அழுதாள். சந்தோஷத்தில் அழுகிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

மறுநாள் காலையில் முதல் கிராக்கி, நாகர்கோவில்காரர், பேங்கில் குமாஸ்தா. பேன்ட் துணியை மேஜைமேல் போட்டுவிட்டு, "எப்பொ கிடைக்கும்?" என்றார். அலமாரியில் இருந்த மூட்டைகளை ஒருதடவை பார்த்துக்கொண்டு, "பதினெட்டு நாள் ஆகும்" என்றேன். நான் சிரிப்பேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். அப்புறம் துணியைச் சுருட்டிக்கொண்டு எதிர்க்கடை குமரேசனிடம் போய்விட்டார். "நாளைக் கழிச்சு வாங்க சார்" என்று குமரேசன் சொன்னது தெருவுக்கே கேட்டது. அந்த மனுஷர் ஒரு மாசம் அந்தப் படியில் ஏறி இறங்கினதை நான் மெஷினில் இருந்தபடியே பார்த்தேன். கடைசியில் பேன்ட் கிடைத்ததும் அதைப் போட்டுக்கொண்டு நேரே என் கடைக்குத்தான் வந்தார். "பாத்தீங்களா, பதினெட்டு நாளில் நான் கொடுத்திருப்பேனே" என்றேன், மனசு ஆறாமல்.

"அவன் முப்பது நாள் இழுத்தாலும் தினமும் ஒரு ஆசை காட்டினான் அண்ணாச்சி. நீங்க முத நாளே மனச ஒடிச்சுப் போட்டீங்களே!"

தலையணை

தையல்காரன் துணி கேட்கும்போது கால் மீட்டர் கூட்டிக் கேட்பது எங்கள் தெருவில் ஒரு தப்பே இல்லை. மிச்சத் துண்டு கடைக்கு என்பது எழுதாத சட்டம். எழுந்து நின்ற பிறகு எனக்கு அதுவும் உறுத்தியது. தைத்த துணியோடு மிச்சத்தையும் குண்டூசி குத்தி, பொட்டலத்துக்குள் வைத்துக் கொடுக்க ஆரம்பித்தேன். ஒரு நூல் துண்டைக்கூட விடவில்லை.

முதலில் வாங்கினது சரோஜினி டீச்சர். எத்தனையோ வருஷமாக என்னிடம் பிளவுஸ் தைக்கிறவர். பொட்டலத்தைப் பிரித்து மிச்சத் துண்டைப் பார்த்ததும் அவர் முகம் மலரும் என்று நான் எதிர்பார்த்தது என் முட்டாள்தனம். துண்டை விரித்தார், சாண் போட்டு அளந்தார். "அப்பொ இத்தனை வருஷம் மிச்சம் வந்தது எவிடே மேஸ்திரி?" என்றார். மேஸ்திரி என்றுதான் திருவனந்தபுரத்தில் எங்களைக் கூப்பிடுவார்கள். பொய் சொல்லக் கூடாதே, அதனால் உள்ளதைச் சொன்னேன். துண்டுகளை எல்லாம் சேர்த்துத் தைத்து வீட்டில் தலையணை உறை போட்டிருக்கிறது என்றேன். கடையில் அப்போது இன்னும் இரண்டு டீச்சர்மார் இருந்தார்கள். சரோஜினி டீச்சர் அவர்கள் பக்கம் திரும்பினார்.

"கேட்டோடீ, நம்மட பிளவுஸ் மேல தலை வச்சுத்தான் இந்த மனுஷன் இத்தனை வருஷமா உறங்கியிருக்கு!"

அங்கி

டீச்சர்மார் மூலமாக ஊரில் என் பேர் பரவியது. எங்கள் சபைப் போதகர் பேரைச் சொல்லாமல், "நம்மில் ஒரு தையற்காரச் சகோதரர் இருக்கிறார்" என்று பிரசங்கத்திலேயே சொன்னார். சபையில் தையற்காரன் நான் ஒருத்தன்தான். எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததை மறைப்பானேன்.

அந்த வாரமே போதகர் வெள்ளைத் துணியோடு கடைக்கு வந்தார். உயிர்த்தெழுந்த பண்டிகைக்குப் புது அங்கி வேண்டுமாம். பண்டிகைக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. "ஐயா, உங்களுக்கு முன்னால பன்னிரண்டு பேர் இருக்காங்க, பண்டிகை கழிஞ்சுதான் முடியும்" என்றேன். "முன்னால இருக்கிறது யாரு?" என்று கேட்டார். ஒரு லாரி டிரைவரின் காக்கி நிக்கர் என்றேன். அவர் காக்கி மூட்டையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் காக்கியைப் பார்த்தார். ஒரு அங்கியை முன்னால் தள்ளிவைத்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்று மனசு சொல்லத்தான் செய்தது. ஆனால் டிரைவரிடம் நாள் சொல்லிவிட்டேனே.

"உங்க விசுவாசத்தை நான் மெச்சுகிறேன் தம்பி. ஆனா அதை என் அங்கி மேலயா காட்டணும்?"

சுகுமாரனின் டிக்கெட்

என் கடையில் பொத்தானுக்குக் காஜா போடுகிறதும் தேய்க்கிறதும் சுகுமாரன். கரமனைக்காரர், என்னைவிடப் பத்து வயசு மூத்தவர், மழை வந்தால் மூச்சிழுப்பு வந்துவிடும். அவருக்குச் சம்பளம் கிடையாது. எத்தனை உருப்படியோ அத்தனைக்குத்தான் கூலி. நான் உண்மை சொல்லத் தொடங்கிய நாளிலிருந்து உருப்படி பாதியாகிவிட்டது. எனக்காவது பழகிப்போன சில கிராக்கிகள் உண்டு. அந்த மனுஷர் வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அவர் முகத்தைப் பார்ப்பது பெரிய கஷ்டம். காலையில் கடையைத் திறக்கும்போது, 'ஆண்டவரே, இன்றைக்கு யாரும் எப்போ கிடைக்கும் என்று கேட்காமல் இருக்க வேண்டும்' என்று ஜெபம் பண்ணும் அளவுக்கு நான் அலுத்துப் போயிருந்தேன்.

ஆடி மாசத்துக் கர்க்கடக மழையில் ஒருநாள் சுகுமாரன் ஊசியை வைத்துவிட்டுச் சொன்னார். ஓணம் வரைக்கும் பார்ப்பாராம். ஓணம் தொழிலும் இப்படியே போனால் அடுத்த திங்கட்கிழமை முதல் குமரேசன் கடை. குமரேசன் சம்மதித்தாயிற்றாம். "நான் பொய் சொல்லாம இருக்கிறது தப்பா சுகுமாரன் அண்ணா?" என்று கேட்டேன்.

"தப்பில்ல மேஸ்திரி. நீங்க மோட்சத்துக்குப் போறது நல்ல காரியம்தன்னே. ஆனா டிக்கெட்டுக் காசு மாத்திரம் என் பேர்ல எழுதியிருக்கீங்க."

வீட்டில்

அன்று வீட்டுக்குப் போனதும் குழம்பில் உப்பில்லை என்று கத்தினேன். பிள்ளை பென்சிலைத் தொலைத்ததற்குக் கத்தினேன். ஜெபம் பண்ண உட்கார்ந்த இடத்தில் பாய் மடிந்திருந்ததற்கும் கத்தினேன். ரெபேக்காள் பாயை நேராக்கிவிட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"கடையில பொய் சொல்லாம அடக்கி வைக்கிறதெல்லாம் வீட்டுல எரிச்சலா வந்து கொட்டுதே. அந்தப் பிரசங்கியாரு இதுக்கும் ஒருக்கா உங்களை எழுப்பி விட்டிருக்கலாம்."

பத்து மணி

ஓணம் வந்தது, போனது. ஒரு கூட்டமும் இல்லை. சுகுமாரன் திங்கட்கிழமை போவதாக முடிவாகிவிட்டது. சனிக்கிழமை காலை அவருக்கு மிச்சம் இருந்தது ஒரே ஒரு உருப்படி. கிழக்கேகோட்டை அக்ரகாரத்து அலமேலு மாமியின் மகளுக்குக் கல்யாணப் பட்டு ரவிக்கை. கூறைப் புடவையிலிருந்தே வெட்டின துணி, வேறெங்கும் கிடைக்காது. திங்கட்கிழமை முகூர்த்தம். சனிக்கிழமை பத்து மணிக்குத் தருவதாக நாள் சொல்லியிருந்தேன்.

ஒன்பதே முக்காலுக்கு சுகுமாரன் தேய்த்துக்கொண்டிருந்தார். தேங்காய்ச் சிரட்டைக் கரி போட்ட இஸ்திரிப் பெட்டி. திடீரென்று இழுப்பு வந்து குலுங்கினார், பெட்டியும் குலுங்கியது, ஒரு பொறி தெறித்தது. நான் எழுந்து ஓடுவதற்குள் ரவிக்கையின் வலது கையில், ஜரிகைக் கரைக்கு ஒரு விரல் மேலே, மிளகு அளவுக்கு ஓட்டை. சுகுமாரன் முகத்தில் ரத்தமே இல்லை. வேறு கடையாக இருந்தால் கிராக்கி பத்து மணிக்கு வராது, மத்தியானத்துக்குள் ஏதாவது செய்துகொள்ளலாம். என்னிடம் துணி கொடுத்தவர்களோ மணி அடித்தாற்போல் வந்து நிற்பார்கள். மாமி பத்துக்கு வந்துவிட்டார்.

"மேஸ்திரி, பத்துன்னேள், பத்தாயிடுத்து" என்று கையை நீட்டினார். ரவிக்கையை மறைக்காமல் விரித்துக் காட்டினேன். மாமி அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கண் நிறைந்துவிட்டது. அப்புறம் கோபம் வந்தது. "யார் பண்ணினா இதை? சொல்லுங்கோ, யாரு?"

மாமி வீட்டுத் துணியில் பாதி குமரேசனிடம்தான் போகும். கல்யாண ரவிக்கையைச் சுட்டவர் சுகுமாரன் என்று மாமி ஒரு வார்த்தை சொன்னால், திங்கட்கிழமை அந்தக் கடைப் படியில் அவர் கால் வைக்க முடியாது. இதெல்லாம் ஒரு நொடியில் மனசில் ஓடியது. நான் வாயைத் திறந்தேன்.

"நான்தான் மாமி. என் கைதான் தவறிப் போச்சு."

ஆறு மாசத்துக்குப் பிறகு நான் சொன்ன முதல் பொய். சொன்னதும் காது சுட்டது. பின்னால் சுகுமாரன் மூச்சு வாங்குவது கேட்டது. அவர் மெல்ல நடந்து என் பக்கத்தில் வந்து நின்றார். "மாமி, அது கள்ளம். மேஸ்திரி அங்கே மெஷின்ல இருந்தாரு. பெட்டி என் கையில. ஞான்தான்" என்றார்.

மாமி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். கோபம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. அப்போதுதான் எனக்குப் பொட்டலம் ஞாபகம் வந்தது. குண்டூசி குத்தி வைத்திருந்த மிச்சத் துண்டு. விரித்துப் பார்த்தால் ஒரு கைக்குச் சரியாக இருந்தது. பழைய நாளாக இருந்தால் அது இந்நேரம் தலையணையில் இருந்திருக்கும். "ரெண்டு மணி நேரம் ஆகும்" என்றேன். கரையைப் பிரித்துப் புதுக் கையில் வைத்துத் தைத்தேன். மாமி பெஞ்சை விட்டு நகரவில்லை. கொக்கி எல்லாம் போட்டுப் பார்த்து, திருப்திப்பட்டு, பொட்டலத்தை எடுத்துக்கொண்டு படி இறங்கும்போதுதான் திரும்பினார்.

"பொய்யே சொல்லமாட்டேள்னு டீச்சர்மார் ஊரெல்லாம் சொல்றா. ஆசையா ஒரே ஒரு பொய் சொன்னேள், அதுவும் ரெண்டு நிமிஷம் நிக்கலையே மேஸ்திரி!"

திங்கட்கிழமை

திங்கட்கிழமை நான் கடைப் பலகையை எடுத்தபோது சுகுமாரன் படியில் உட்கார்ந்திருந்தார். குமரேசன் கடை எதிரில் திறந்துதான் இருந்தது. விஷயம் அங்கே தெரிந்து அவரை வேண்டாம் என்றுவிட்டார்களோ என்று எனக்குப் பதறியது. "கூப்பிடலையா அண்ணா?" என்று கேட்டேன். கூப்பிட்டார்கள், போனேன் என்றார். அங்கே உட்கார்ந்து பத்து நிமிஷத்தில் ஒரு கிராக்கி வந்து சட்டை கேட்டதாம். குமரேசன் 'காஜா மட்டும்தான் பாக்கி, இவர்கிட்டதான் இருக்கு' என்று கையைக் காட்டினானாம். சுகுமாரன் வாய் சும்மா இருக்காமல், 'துணி இன்னும் வெட்டலியே' என்றுவிட்டாராம்.

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஊசியை எடுத்து நூல் கோத்துக்கொண்டே சொன்னார்.

"உங்க தீனம் தொத்து வியாதியா எனக்கும் ஒட்டிப் போச்சு மேஸ்திரி. இனி இந்தத் தெருவுல வேற எவனும் என்னை வேலைக்கு வைக்கமாட்டான்."

ஒருநாள் சாயங்காலம் ஒருத்தன் எழுந்து நின்றதில் ஊர் திருந்தியதா என்று கேட்டால், ஆரியசாலையில் பிழைக்கத் தெரியாத தையல்காரர்கள் ஒன்றிலிருந்து இரண்டானார்கள், அவ்வளவுதான்.