அவளுக்காகக் கேட்ட பாடங்கள்

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில், சுண்ணாம்புக் குழியில் இறங்கி வேலை செய்தவர் என் அப்பா. அந்த ஷாப்பு முதலாளியின் மகளும் நானும் மிஷன் பள்ளியில் ஒரே வகுப்பு. தோல் வாடை என்று சொல்லி என் பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். அவள் மட்டும் வந்து உட்கார்ந்தாள்.

"உனக்கு நாத்தம் அடிக்கலையா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"எங்க வூட்டுக் காசும் அந்த நாத்தத்துல வர்றதுதான்" என்றாள் அவள்.

கணக்கில் அவளை மிஞ்ச ஆளில்லை. ஆனால் பெரியவளானதும் அவளுக்குக் கோஷா; அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. பள்ளியை விட்டு நிறுத்திவிட்டார்கள். ஒருநாள் சாயந்திரம் வீட்டுக்குக் கூப்பிட்டனுப்பினாள்.

"இன்னைக்கு இன்னா சொல்லிக் குடுத்தாங்க?"

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"தூங்கறதுக்கா ஸ்கூலுக்குப் போற? நாளைக்கு ஒழுங்காக் கேட்டுட்டு வா."

அன்றிலிருந்து அவளுக்காகவே பாடத்தைக் காதில் வாங்கினேன். அவளிடம் திருப்பிச் சொல்லும்போதுதான் எனக்கே அது புரியும். அவள் குறுக்குக் கேள்வி கேட்பாள். மறுநாள் டீச்சரிடம் அதைக் கேட்டு பதில் கொண்டுபோவேன்.

இதற்கிடையில் தோல் பதனிட ஆவாரம்பட்டை இடிக்கும் வேலைக்கு என்னைத் தன்னுடன் கூட்டிப்போக அம்மா முடிவு செய்தாள். தோழி சாப்பிடாமல் அடம் பிடித்தாள். "அவ நின்னுட்டா எனக்கு யார் வந்து சொல்றது?" முதலாளியே என் அப்பாவைக் கூப்பிட்டு, "பொண்ணு படிக்கட்டும்பா" என்று சொல்லிவிட்டார். எங்கள் தெருவில் எட்டாவது தேறிய முதல் பெண் நான்தான்.

அந்தப் படிப்பை வைத்துத்தான் வேலூரில் நர்ஸ் பயிற்சிக்கு என்னை எடுத்துக்கொண்டார்கள். சில வருஷம் கழித்து, நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரிக்கே அவள் பிரசவத்துக்கு வந்தாள். வெள்ளைச் சேலையில் என்னைப் பார்த்ததும் மாமியாரிடம், "என் தோஸ்த், ஸ்கூல்ல ஒண்ணாப் படிச்சோம்" என்று பெருமையாகச் சொன்னாள்.

பெண் குழந்தை. அதைத் துடைத்து அவள் கையில் கொடுத்தேன்.

"நானும் தொடர்ந்து படிச்சிருந்தா டாக்டராவே ஆயிருப்பேன், இல்ல?"

"ஆயிருப்ப" என்றேன். அது உண்மை. வேறு சமாதானம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டாள். பிறகு, "இவள நிறுத்த வுட மாட்டேன்" என்றாள்.

விடவும் இல்லை. வீட்டில் எத்தனையோ பேச்சு வந்தபோதும், வண்டிக்குத் திரை கட்டி மகளைப் பள்ளிக்கு அனுப்பினாள். அந்தப் பெண் இப்போது மேல் வகுப்பில் இருக்கிறாள். போன மாதம் ஆம்பூர் போயிருந்தபோது, கணக்கில் தன் அம்மாவே தன்னிடம் தோற்றுப்போவதாகச் சொல்லிச் சிரித்தாள்.