முதுகு தேய்க்க இரண்டு பேர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஸ்ரீராம்புரம் போயிருந்தேன். சண்முகம் அண்ணனைப் பார்க்க. ஃபாக்டரியில் என்னோடு ஒரே ஷிஃப்டில் இருந்தவர். பாத்ரூமில் வழுக்கி விழுந்து, இடுப்பில் ஆபரேஷன் ஆகி, தீபாவளியிலிருந்து படுக்கையில் இருக்கிறார்.

இந்த வருடத்து பெங்களூரு குளிரைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? நல்ல உடம்பே விறைத்துப்போகிறது. படுத்தே கிடக்கிற உடம்பு என்னத்துக்கு ஆகும்? தையல் ஆறியதும் டாக்டர் சொல்லிவிட்டார் — தினமும் காலையில் வெதுவெதுப்பான நல்லெண்ணெய் தேய்த்து முதுகையும் கால்களையும் இதமாகப் பிடித்துவிட வேண்டும், ஆபரேஷன் செய்த இடத்தை மட்டும் தொடக் கூடாது. ரத்த ஓட்டம் சீராகும், பிடிப்பு விடும், ராத்திரி தூக்கம் வரும் என்றாராம்.

ஆனால் அண்ணன் கனத்த சரீரம். ஒருவர் அவரைத் திருப்பித் தாங்கிக்கொண்டால்தான் இன்னொருவர் தேய்க்க முடியும். வீட்டில் இருப்பதோ பெரிய மகன் மூர்த்தி மட்டும். சின்னவன் குமார் தொம்மலூரில்.

தூரம் பெரிய விஷயமில்லை. அண்ணன் தம்பிக்குள் பேச்சு கிடையாது — அதுதான் விஷயம். அம்மாவின் கடைசி நாட்களில், வீட்டுக்குக் கூட்டிப்போய்விடலாம் என்றான் சின்னவன். ஆஸ்பத்திரியிலேயே இருக்கட்டும், பிழைத்துக்கொள்வார் என்றான் பெரியவன். ஐசியூவில், பக்கத்தில் யாருமில்லாமல் போய்ச் சேர்ந்தார் அந்தம்மா. காரியம் முடிந்த கையோடு போன குமார், அதன்பிறகு அந்த வாசற்படியை மிதிக்கவில்லை. யாரைக் குற்றம் சொல்ல? இருவருமே அம்மாவுக்கு நல்லதுதான் நினைத்தார்கள்...

அப்பா விழுந்த பிறகுதான் வந்தான். இப்போது தினமும் விடிந்ததும் பைக்கில் வந்துவிடுகிறான்.

நான் போனபோது எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூர்த்தி அப்பாவின் தோளைத் தாங்கியிருக்க, வெந்நீரில் வைத்த எண்ணெயைத் தன் மணிக்கட்டில் விட்டுச் சூடு பார்த்துத் தேய்த்தான் குமார். பேச வேண்டியதெல்லாம் அப்பா வழியாகத்தான். இன்னும் கொஞ்சம் சாய்க்கச் சொல்லுங்க அப்பா என்பான் ஒருவன். இதுக்கு மேல சாய்ச்சா வலிக்கும் அப்பா என்பான் மற்றவன். ஒரே கட்டிலின் இரண்டு பக்கம் நின்றுகொண்டு! சிரிப்பதா, அழுவதா?

முதுகு சிவந்துவிட்டது போலிருக்கிறது. மூர்த்தி தன்னை மறந்து, கன்னடம் கலந்து சொல்லிவிட்டான்.

“ஸ்வல்ப மெதுவாத் தேய்டா.”

குமாரின் கை நின்றது. “சரிண்ணா” என்றான்.

அவ்வளவுதான். சுவர்ப் பக்கம் திரும்பியிருந்த அண்ணனின் முகம் எனக்குத் தெரியவில்லை.

பிள்ளைகள் இருவரும் வெந்நீர் அண்டாவை இறக்க உள்ளே போனார்கள். அண்ணன் கட்டில் சட்டத்தைப் பிடித்தார். ஒரு முனகல்கூட இல்லை... தானாகவே புரண்டு என் பக்கம் திரும்பிப் படுத்தார். கண்கள் நனைந்திருந்தன.

“கொஞ்ச நாளாவே முடியுதுப்பா. சொல்லிடாத. சொன்னா சின்னவன் வர மாட்டான்” என்றார்.

டாக்டர் சொன்ன பலனெல்லாம் அப்படியே கிடைத்திருக்கிறது. மனுஷன்தான் அதை மறைத்து வைத்திருக்கிறார். எனக்குக் கோபமே வந்தது. எழுந்து நடக்கப் பழகாமல் இது என்ன பிடிவாதம் என்று கடிந்துகொண்டேன். சிவராத்திரி வரைக்கும் விடு, குளிர் போனதும் எழுந்துக்கிறேன் என்றார். இதுவரை அவர்கள் பேசியிருப்பது ஒரே ஒரு தடவை. மாசி வருவதற்குள் இன்னும் நாலு வார்த்தை பேச மாட்டார்களா என்பது அவர் கணக்கு. பிள்ளைகள் சேருவதற்காக ஒரு தகப்பன் நோயாளியாகவே கிடக்கத் தயாராக இருக்கிறார்.

கிளம்பும்போது, இதை என் பத்திரிகைப் பத்தியில் எழுதலாமா என்று கேட்டேன். தயக்கமே இல்லாமல் தலையாட்டினார்.

“தாராளமா எழுது. ரெண்டு பேரும் கன்னட மீடியம். தமிழ் படிக்கத் தெரியாது.”

படிக்கத் தெரிந்த நீங்கள் யாரும் போய்ச் சொல்லிவிடாதீர்கள் — குளிர் முடியும்வரையாவது.