அன்னத்துக்குக் கண் வைத்த டில்லி

“டில்லி பூட்டாம்பா” என்று போனில் அழுதார் சரோஜா அக்கா. நானும் டில்லியும் போடும் டிசைன்களைப் பிள்ளையார்பாளையத்தில் இருபது வருடமாக நெய்பவர் அவர். காலையில் டீ குடித்துவிட்டுச் சாய்ந்தவன் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் வந்தது கோபம். என்னிடம் சொல்லாமல் அவன் எங்கேயும் போனதில்லை!

அவனை அறிந்தவர்களே, டில்லியைப் பற்றி அடங்கிய குரலில் பேச என்னால் ஆகாது. அவனும் அப்படிப் பேசியதில்லை. உங்களில் பாதிப் பேர் அவனிடம் திட்டு வாங்கியிருப்பீர்கள். “மனசுல வச்சிக்கினு சிரிக்கிறது எனக்கு வராதுபா” என்பான். உண்மையிலேயே வராது.

பெரிய காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடை மாடியில் இருவருக்கும் ஒரே மேசை. கட்டம் போட்ட தாளில் டிசைன் வரைவோம். அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவோம். அந்த அட்டைதான் தறியில் ஏறும். டில்லிக்கு ஒரு வழக்கம். அன்னமோ மயிலோ, முழுக்க வரைந்தாலும் கண்ணை மட்டும் விட்டுவிடுவான். கோயில் சிலைக்குச் செய்வதுபோல, எல்லாவற்றையும் சரிபார்த்தபின் ஒரு வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டு வந்துதான் கண் வைப்பான். நான் கேலி செய்துகொண்டே இருப்பேன்.

பத்து வருடத்துக்கு முன் அவன் ஒரு வாரம் காய்ச்சலில் படுத்தான். அவன் இழுப்பறையிலிருந்த ஜோடி அன்னத்தை எடுத்து, அட்டை குத்தி, என்னுடையது என்று முதலாளியிடம் காட்டினேன். ஆமாம், திருடினேன். ‘டில்லி கை மாதிரி வருமா’ என்பதைக் கேட்டுக் கேட்டு வயிறு எரிந்துபோயிருந்தது. வேறு காரணம் இல்லை.

அவன் திரும்பி வந்த காலையில் முதலாளி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். “முருகன் போட்ட அன்னத்தப் பாருப்பா! முகூர்த்தப் பொடவ. சரோஜா தறியில ஓடிக்கினு இருக்குது.” டில்லி என்னைப் பார்த்தான். அறை விழப்போகிறது என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவனோ காதோரம் குனிந்து ஒன்றுதான் கேட்டான்.

“கண்ணு வச்சியாடா?”

வைக்கவில்லை! திருடிய அவசரத்தில் அதைக் கவனிக்கவே இல்லை. முந்தானை முழுக்கக் குருட்டு அன்னமாகத்தான் வரும். கல்யாணப் பெண் அதை உடுத்துவாளா? நெய்த அக்கா தலையில் பழி விழும். பிறகு என் தலையில்.

அவன் பேசாமல் இருந்திருந்தாலே போதும், நான் அன்றோடு ஒழிந்திருப்பேன். “ஏறுடா வண்டியில!” என்று கத்தினான். காய்ச்சல் விட்டு இரண்டு நாள்கூட ஆகாதவன் சந்து சந்தாகப் பறந்தான். “அக்கா, நிறுத்துக்கா! நிறுத்து!” தெருமுனையில் அவன் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுத் தறிகளெல்லாம் நின்றுவிட்டன. முந்தானை தொடங்க இன்னும் நாலு விரல்தான் பாக்கி!

அங்கேயே தரையில் உட்கார்ந்து, கண் வரும் அட்டைகளைப் புதிதாகக் குத்தி மாற்றினான். அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை. முதல் அன்னம் கண்ணோடு இறங்கியபோது அக்கா கைதட்டினார். வெட்கமில்லாமல் நானும் தட்டினேன்.

அப்போதுதான் என் பக்கம் திரும்பினான். “திருட்டு நாயே!” என்று தொடங்கியவன் அரைமணி நேரம் நிறுத்தவில்லை. தெருவே கூடிவிட்டது. தாங்கமாட்டாமல், “அப்புறம் எதுக்குடா என்னைக் காப்பாத்துன?” என்றேன்.

“உன்னையா? கோவம் உன் மேலடா. அந்த அன்னம் என்னா பண்ணுச்சு, அக்கா என்னா பண்ணுச்சு?”

முதலாளியிடம் நானே போய் உண்மையைச் சொல்ல வைத்தான். அதற்குப் பிறகும் மூன்று மாதம் பேசவில்லை. மேசை நடுவே சாக்பீஸால் ஒரு கோடு வேறு! ஒருநாள் தன் டீ டம்ளரைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வைத்து, “ரொம்ப வலிச்சுதுடா” என்றான். நான் அழுதுவிட்டேன்.

அன்றிலிருந்து நானும் கண்ணைக் கடைசியில்தான் வைக்கிறேன். போன வாரம் என் மயிலை யாரோ தன் டிசைன் என்று வாட்ஸ்அப்பில் போட்டிருந்தார். ரத்தம் கொதித்தது. படத்தைப் பெரிதாக்கினேன். கண் இல்லை! ஐந்து நிமிடம் எனக்கு ஒரே கொண்டாட்டம். அசிங்கப்படட்டும் என்று துள்ளினேன். அது இப்போது யார் வீட்டுத் தறியில் ஓடுகிறதோ என்ற நினைப்பு பிறகுதான் வந்தது.

அந்த ஆளுக்கே போன் போட்டேன். கண் எந்த அட்டையில் வரும் என்று சொன்னேன். எழுதிக்கொண்டாரா என்று கேட்டேன். அதன் பிறகு, தெருவுக்கே கேட்கும்படி திட்டினேன். முதலில் கண், அப்புறம்தான் திட்டு. டில்லியிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த வரிசையைத்தான்.