இரண்டாவது பிரேக்

கார் பயிற்சிப் பள்ளியில் அவளுக்குப் பெயர் பிரேக் அக்கா. பத்தொன்பது வருடங்களாகக் கற்றுக்கொள்பவர்களின் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து வருகிறாள். அந்த இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. கால் அதன்மேல் இருக்க வேண்டும்; அழுத்தக் கூடாது. எதற்கெடுத்தாலும் அழுத்தினால் ஓட்டுபவர் கடைசிவரை கற்றுக்கொள்ள மாட்டார்.

மார்பில் இருந்த புற்றுநோய்க் கட்டியை எடுத்து, ஆறு முறை மருந்து ஏற்றி முடித்து இரண்டு மாதம். முடி கட்டைவிரல் அகலம் வளர்ந்துவிட்டது. வலது கால்விரல்கள் மட்டும் இன்னும் மரத்துப்போய் வேறு யாருடையவையோ போல இருந்தன. நரம்பு மெல்லத்தான் சரியாகும், காலின்மேல் உங்களுக்கே நம்பிக்கை வந்தபிறகு வேலைக்குப் போங்கள் என்றார் டாக்டர். நம்பிக்கை எப்படி வரும் என்று சொல்லவில்லை.

வீட்டில் அவளால் ஒரு வாளியைத் தூக்க முடியவில்லை. கனத்தால் அல்ல. அவள் குனிவதற்குள் கணவரின் கை அங்கே இருக்கும். "நீ உக்காரு." மகள் ஆபீஸிலிருந்து மூன்று முறை கூப்பிடுவாள். "அம்மா, சாப்பிட்டியா? தூங்கினியா? எங்கயாவது வலிக்குதா?" பதில் சொல்லிச் சொல்லியே அவளுக்கு வலித்தது.

திங்கட்கிழமை வருகிறாளா, வேறு ஆளைப் பார்க்கட்டுமா என்று பள்ளி முதலாளி கேட்டிருந்தார். ஞாயிறு காலை பள்ளியின் பயிற்சிக் காரைக் கேட்டு வாங்கி, கணவரை ஓட்டச் சொல்லி, காலி மைதானத்துக்குப் போனாள். நடுவில் ஓர் அட்டைப்பெட்டியை வைத்தாள். சொந்தக்காரர்கள் சத்துமாவு டப்பாக்கள் அடுக்கிக் கொண்டுவந்த பெட்டி.

"நேரா அது மேல விடுங்க. நீங்க பிரேக் போடக் கூடாது. நான் போடுவேன்."

"இடிச்சிட்டா?"

"அந்த மாவைக் குடிச்சவ நான். இடிச்சா சந்தோஷம்தான்."

கார் கிளம்பியது. பெட்டிக்கு இருபது அடி முன்னால் நின்றது. அவள் காலை அசைக்கவே இல்லை.

"நீங்களா போட்டீங்க?"

"கால் தானா போயிடுச்சு."

மூன்று முறை அப்படியே.

"ரெண்டு தடவை லைசென்ஸ் டெஸ்ட்ல பிரேக் போட மறந்து ஃபெயிலான மனுஷன்! இன்னிக்கு மட்டும் எப்படி இவ்வளவு ஞாபகம்?"

அவர் சிரிக்கவில்லை. ஸ்டியரிங்கையே பார்த்தார். "எட்டு மாசமா என் கால் பிரேக்மேலதான் இருக்கு. எடுக்க வரலை."

அவளுக்குக் கோபம் போய்விட்டது.

"தெரியும். ஆனா நீங்க பிடிச்சிக்கிட்டே இருந்தா, என் கால் இருக்கா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அடுத்த முறை அவர் ஆக்ஸிலரேட்டரை விட்டுக் காலைத் தரையில் ஊன்றிக்கொண்டார். அவள் தாமதித்துவிட்டாள். பெட்டி நசுங்கியது.

"விரல்ல ஒண்ணுமே தெரியலை," என்றாள்.

அவர் இறங்கிப் போய்ப் பெட்டியை நிமிர்த்தி, மூலைகளைக் கையால் நீவிவிட்டு வந்தார். "இன்னொரு தடவை போலாம்."

இந்த முறை அவள் விரல்களுக்காகக் காத்திருக்கவில்லை. முழங்காலிலிருந்து அழுத்தினாள். கார் குலுங்கி நின்றது. பெட்டிக்கும் காருக்கும் நடுவே ஒரு முழம்.

"விரல் சொல்லலை. முட்டி சொல்லிச்சு."

அதன்பிறகு பத்து முறை. பத்திலும் நின்றது.

அங்கிருந்தே முதலாளிக்குப் போன் செய்தாள். "திங்கட்கிழமை வரேன். ரோடு இப்ப வேணாம், மைதானத்துல மட்டும் கிளாஸ் குடுங்க."

வீட்டுக்கு வந்ததும் வாளியை எடுக்கக் குனிந்தாள். கணவரின் கை வழக்கம்போல நீண்டது. பிடிக்கு நாலு விரல் மேலே வந்து, அங்கேயே நின்றது.

"அப்படித்தான்," என்றாள் அவள், தண்ணீரோடு நிமிர்ந்து.