முன் சீட்டுக் காற்று

மாமா வாங்கிய பழைய காரில் முன் சீட் என்னுடையது. யாரும் எழுதிக் கொடுக்கவில்லை என்றாலும் அங்கே எனக்கு ஒரு வேலை இருந்தது. அந்தக் காரின் ஏ.சி. நினைத்தால் வரும், நினைத்தால் நின்றுவிடும். மாமா சாலையைப் பார்த்து ஓட்ட, நான் காற்று வரும் துவாரத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு "வருது மாமா", "போய்ட்ச்சு மாமா" என்று சொல்லிக்கொண்டே வர வேண்டும். ஆம்பூரிலிருந்து வேலூர் போய்ச் சேர்வதற்குள் நான் இரண்டையும் பலமுறை சொல்லிவிடுவேன். எட்டு வயதில் அதைவிடப் பெரிய உத்தியோகம் எனக்குத் தெரியாது.

காலையில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனால் மட்டும் ஏ.சி. வஞ்சனையில்லாமல் ஊதும். "இன்னா சார், ஜம்முனு வருதே" என்பார் அவர். கேஸ் ஏற்றிப் பார்த்தார், ஃபியூஸ் மாற்றிப் பார்த்தார். ஓடும்போது நிற்கிறதா, டோல்கேட்டில் நின்றால் நிற்கிறதா என்று அவர் கேட்டால் மாமா என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார். நான் விளக்கம் சொல்லுவேன்.

அப்புறம் மாமாவுக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர், சொந்தமாக ஏ.சி. கார் வைத்திருக்கிறார் என்று பெருமையாகச் சொல்லித்தான் சம்பந்தம் பேசியிருந்தார்கள். அத்தை வந்தாள், முன் சீட்டில் உட்கார்ந்தாள், நான் பின்னால் போனேன். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் தலையில் இருந்த மல்லிகைச் சரம் என் முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிய்த்து வெளியே எறியலாம் போல எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சீட் போனதோடு வேலையும் போயிற்று. "ஏ.சி. வருதா?" என்று மாமா இப்போது அத்தையைக் கேட்டார்.

"நல்லா ஜில்லுன்னு வருதுங்க."

போகும்போதும் வரும்போதும் இதே பதில். ஏ.சி. வருகிறதென்றால் கண்ணாடியை இறக்கக் கூடாது. பின்னால் நான் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தேன். "வரல மாமா!" என்று கத்தினால், "பின்னாடி வர்றதுக்கு லேட்டாவும்" என்பார். குளிர் மொத்தத்தையும் அத்தையே உறிஞ்சிக்கொள்கிறாள் என்று முடிவு செய்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் இருக்கும் அத்தையின் அம்மா வீட்டுக்கு மதியச் சாப்பாட்டுக்குப் புறப்பட்டோம். வழியில் பழம் வாங்க அத்தை இறங்கியதுதான் தாமதம், நான் முன் சீட்டுக்குத் தாவித் துவாரத்தில் கையை வைத்தேன். அடுப்புப் பக்கம் கையை நீட்டியது போல இருந்தது.

"மாமா, சூடா வருது! அத்தை பொய் சொல்றாங்க!"

திருடனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. மாமா கழுத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அவர் பக்கத்திலும் இரண்டு துவாரங்கள் இருப்பதை அப்போதுதான் கவனித்தேன்.

"தெரியும். நீ பின்னாடி போ, அத்தை வர்றாங்க" என்றார்.

அத்தை ஏறினாள். "வருதா?" என்று மாமா கேட்டார். "ஜில்லுன்னு வருதுங்க" என்றாள், மேலுதட்டில் வியர்வை முத்து முத்தாக நிற்க.

அடுத்த வாரம் மாமா மெக்கானிக்கையே உச்சிவெயிலில் காரில் ஏற்றிக்கொண்டு நாட்றம்பள்ளிப் பக்கம் போனார். பாதி வழியில் ஏ.சி. நின்றது. மெக்கானிக் அங்கேயே பானட்டைத் திறந்து பார்த்தார். சூடானால் கம்ப்ரெசரின் கிளட்ச் பிடிக்காமல் நழுவுகிறதாம். மறுநாளே அதைச் சரிசெய்துவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் எங்களை ஏற்றிக்கொண்டு மாமா ஒரு சுற்று போனார். காற்று நிஜமாகவே வந்தது. பின் சீட்டில் என் கால் விரல்கூடக் குளிர்ந்தது. "இப்ப எப்படி இருக்கு?" என்று மாமா அத்தையைக் கேட்டார். இன்றைக்கு மாட்டிக்கொள்வாள் என்று நான் எம்பி அவள் முகத்தைப் பார்த்தேன்.

"எப்பவும் போலதாங்க இருக்கு" என்றாள் அத்தை, முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு.

மாமா ஸ்டீயரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தார். அத்தையும் சிரித்தாள்.

அந்தக் காரில் ஒருநாள்கூடப் பொய் சொல்லாதவள் நான் ஒருத்திதான். அப்படியிருந்தும் அந்த சீட் எப்படி அவளுக்குப் போனது என்று பின்னால் நடுங்கிக்கொண்டே யோசித்தேன். வீடு வரும்வரை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை.